செக்ரோலில் இருந்த பெயர்கள்



இன்றைய உரை ஒரு கவிஞரின் வாக்காளர்களைப் பற்றியது. மடக்கும்புர தோட்டத்தில் 1914 ஆம் ஆண்டு பிறந்த சி. வி. வேலுப்பிள்ளையைக் கவிஞராகவும் நாவலாசிரியராகவும், தோட்டத்து மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தவராகவும் இந்த அவை நன்கறியும். அவர் இலங்கைப் பாராளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதி மக்கள் அவரைத் தெரிவு செய்தனர். அடுத்த பொதுத் தேர்தல் 1952 இல் வந்தது. அவருக்கு வாக்களித்த கொழுந்து பறிக்கும் பெண்களும் கவ்வாத்து வெட்டும் ஆண்களும் அப்போதும் அதே லயங்களில்தான் குடியிருந்தனர்; விடியற்காலையில் அதே பிரட்டுக்களத்தில்தான் நின்றனர். தோட்டத்துச் செக்ரோலில் அவர்களுடைய பெயர்கள் நாள் தவறாமல் பதியப்பட்டு வந்தன. வாக்காளர் இடாப்பில் மட்டும் அப்பெயர்கள் இல்லை.

சட்டத்தைச் சார்ந்த பொருளை இலக்கிய வட்டத்தில் எடுத்துப் பேசுவது ஏன் என்று சிலர் வினவக்கூடும். மலையக இலக்கியத்தில் 'நாடற்றவர்' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. வேலுப்பிள்ளையே 'நாடற்றவர் கதை' என்று ஒரு நூலுக்குப் பெயரிட்டார். அச்சொல் கவிஞரின் கற்பனையில் பிறந்ததன்று. அதன் வேர் 1948 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் பிரிவில் இருக்கிறது. அந்தப் பிரிவை அறியாமல் அந்த இலக்கியத்தைப் படிப்பவர் அதில் துயரத்தை மட்டுமே காண்பார். துயரம் எவ்வாறு செய்யப்பட்டது என்பதைக் காணமாட்டார்.

கதை 1927 இல் தொடங்குகிறது. அவ்வாண்டு இலங்கைக்கு வந்த டொனமூர் ஆணைக்குழு அடுத்த ஆண்டு தன் அறிக்கையை வெளியிட்டது. அதுவரையில் சொத்தும் வருமானமும் எழுத்தறிவும் உடைய ஆண்களுக்கே வாக்கு இருந்தது. சனத்தொகையில் நூற்றுக்கு நான்கு பேர் அளவினரே வாக்காளர். ஆணைக்குழு இந்த வேலியை அகற்றச் சொன்னது. ஆண்களுக்கு இருபத்தொரு வயதிலும் பெண்களுக்கு முப்பது வயதிலும் வாக்களிக்கலாம் என்று அது பரிந்துரைத்தது. முடிவில் இருபாலாருக்கும் இருபத்தொன்றே வயதெல்லையாயிற்று. ஆணைக்குழுவின் முன் சாட்சியம் அளித்த மாதர் வாக்குரிமைச் சங்கத்தினரிடம், தோட்டங்களில் கூலி வேலை செய்யும் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குக் கேட்கிறீர்களா என்று வினவப்பட்டது. அவர்களும் பெண்கள்தாமே என்ற பொருளில் அக்னஸ் டி சில்வா அம்மையார் தயங்காமல் விடை கூறினார். 1931 ஆம் ஆண்டுத் தேர்தலில் மலைநாட்டுப் பெண்கள் சிலர் வாக்களிக்கச் சென்றபோது பிரான்சு நாட்டுப் பெண்களுக்கு வாக்குரிமை வந்திருக்கவில்லை. அது 1944 இல்தான் வந்தது.

ஆயினும் எல்லாருக்கும் வாக்கு என்றவுடனேயே, 'எல்லாரும்' என்பவர் யார் என்ற வழக்கும் எழுந்துவிட்டது. பொன்னம்பலம் இராமநாதன் போன்ற மூத்த தமிழ்த் தலைவர்கள் சர்வசன வாக்குரிமையையே எதிர்த்தனர். சிங்களத் தலைவர்கள் பலர் வேறொரு காரணம் கூறினர். கண்டிப் பிரதேசத்தில் தோட்டத் தமிழரின் வாக்குகள் கிராமத்தவரின் வாக்குகளை மூழ்கடித்துவிடும் என்பது அவர்களது அச்சம். ஐந்தாண்டு வதிவு போதும் என்பதே ஆணைக்குழுவின் கருத்தாயிருந்தது. ஆளுநர் ஸ்டான்லி அதை மாற்றி மூன்று வாயில்களை அமைத்தார். இலங்கையையே தமது நிலையான வதிவிடமாகக் கொண்டவர் முதல் வாயிலால் வரலாம். எழுத்தறிவும் குறிப்பிட்ட வருமானமோ சொத்தோ உடையவர் இரண்டாவது வாயிலால் வரலாம். மூன்றாவது, நிரந்தரக் குடியேற்றச் சான்றிதழ். ஐந்தாண்டு வதிந்தவர் அதைப் பெறலாம். ஆனால், இலங்கையின் ஏனைய மக்களுக்குப் பொதுவாக இல்லாத சிறப்பு உரிமை எதையும் இனிக் கோரமாட்டேன் என்று அவர் எழுதிக்கொடுக்க வேண்டும். இந்தியத் தொழிலாளருக்கென இருந்த கூலிப் பாதுகாப்புச் சட்டங்கள் அந்தச் சிறப்பு உரிமைகளுள் அடங்கும். வாக்கை வாங்கக் கூலிப் பாதுகாப்பை விற்கத் தோட்டத் தொழிலாளர் விரும்பவில்லை. அதில் வியப்பில்லை. பெரும்பாலோர் முதல் வாயிலாலேயே வந்தனர்.

அவ்வாறு வந்தவர்கள் 1931 இல் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர். 1939 இல் அத்தொகை இரண்டேகால் இலட்சமாயிற்று. அதன்பின் பதிவு அலுவலர்கள் வதிவிடச் சான்றுகளை இறுக்கிப் பார்க்கத் தொடங்கவே, 1943 இல் தொகை 1 இலட்சத்து 68 ஆயிரமாகச் சுருங்கியது. ஒரு சட்ட வாசகமும் மாறாமலே வாக்காளர் தொகை கூடலாம், குறையலாம் என்பதற்கு இது முதல் பாடமாக அமைந்தது. அப்பாடத்தைத் தோட்டத்து மக்கள் கவனித்தார்களோ இல்லையோ, கொழும்பில் இருந்தவர்கள் கவனித்திருக்க வேண்டும்.

இந்த வாக்குகளின் பயன் கண்கூடாகத் தெரிந்தது. 1931 இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்ற பெரி. சுந்தரம் தொழில், கைத்தொழில், வணிக அமைச்சரானார். 1936 இல் அதே தொகுதி கோ. நடேசய்யரை அனுப்பியது. தஞ்சையிலிருந்து வந்து, பத்திரிகை நடத்தி, தோட்டத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டியவர் அவர். அவர் மேடையில் பேசுமுன் அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் பாடிய பாடல்களைப் பற்றித் தனியே ஓர் உரை நிகழ்த்தலாம். 1947 இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. வேலுப்பிள்ளை அவ்வெழுவருள் ஒருவர். இந்த ஏழைவிட ஆட்சியாளரை உறுத்தியது மற்றொன்று. காங்கிரஸ் போட்டியிடாத வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரி வேட்பாளர்களுக்குச் சென்றிருந்தன. 95 தேர்தல் ஆசனங்களுள் 42 ஐ மட்டுமே பெற்று ஆட்சி அமைத்திருந்த ஐக்கிய தேசியக் கட்சிக்கு இது சிறிய செய்தியன்று.

இனி யாப்புக்கு வருவோம். செய்யுளின் கட்டமைப்புக்கும் அரசின் கட்டமைப்புக்கும் தமிழ் ஒரே சொல்லை வழங்குகிறது. யாத்தல் என்பது கட்டுதல். சோல்பரி யாப்பு பாராளுமன்றத்தைக் கட்டியிருந்தது. அதன் 29 ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு சட்டம் இயற்றும் அதிகாரத்தைத் தந்தது. இரண்டாம் உட்பிரிவு அந்த அதிகாரத்துக்கு எல்லை கட்டியது. ஏனைய சமூகத்தவருக்கு இல்லாத தடையையோ இயலாமையையோ ஒரு சமூகத்தவர்மீது சுமத்தலாகாது. ஏனையோருக்கு இல்லாத சலுகையை ஒரு சமூகத்தவருக்கு அளிக்கலாகாது. மீறி இயற்றப்படும் சட்டம் அம்மீறலின் அளவுக்குச் செல்லாது என்று மூன்றாம் உட்பிரிவு கூறியது. யாப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்பது நான்காவது. சிறுபான்மையினருக்கு இதுவே காப்பு என்று சொல்லித்தான் சுதந்திரம் வந்தது.

ஆனால் அந்த யாப்பில் ஒரு வெற்றிடம் இருந்தது. இலங்கையின் பிரஜை யார் என்பதை அது சொல்லவே இல்லை. பிரித்தானியக் குடிமகன் என்ற பொதுப் பெயரின் கீழ் எல்லாரும் இருந்த காலத்தில் அது தேவைப்படவும் இல்லை. 1948 பெப்ரவரி 4 இல் நாடு சுதந்திரம் பெற்றபோது அந்த வெற்றிடத்தை நிரப்பும் பொறுப்பு பாராளுமன்றத்தின் சாதாரணப் பெரும்பான்மையிடம் விழுந்தது. வாக்குரிமையின் கதவுக்கு யாப்பு பூட்டுப் போட்டிருந்தது. சுவரோ கட்டப்படாமல் கிடந்தது.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15 இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, அந்நாளுக்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமாயின் அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இலங்கைக்கு வெளியே பிறந்தவராயின் தந்தையும் பாட்டனுமோ, பாட்டனும் பூட்டனுமோ இரண்டு தலைமுறையினர் இங்கே பிறந்திருக்க வேண்டும். தான் பிறந்த மண் போதாது. தாய் பிறந்த மண்ணுக்குக் கணக்கே இல்லை.

இந்த விதியைத் தோட்டத்து லயத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு செல்வது தமிழர் வழக்கம். தாய்வீடு திருச்சிராப்பள்ளிப் பக்கமோ சேலத்துப் பக்கமோ இருந்தால் பிள்ளை அங்கே பிறக்கும். கைக்குழந்தையாகத் தோட்டத்துக்குத் திரும்பி, இங்கேயே வளர்ந்து, இங்கேயே பேர்பதிந்து, இங்கேயே மண்ணோடு மண்ணாகும். அந்தப் பிள்ளைக்குச் சட்டம் இரண்டு தலைமுறைச் சான்று கேட்டது. அவ்வாறின்றி லயத்திலேயே பிறந்தவருக்கும் தந்தையின் பிறப்புப் பத்திரம் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காட்டை வெட்டிய தலைமுறைக்குப் பிறப்புப் பத்திரத்தை யார் எழுதி வைத்தார்கள்? கங்காணியின் பற்றுக்கணக்கில் கடன் எழுதப்பட்டது; பிறப்பு எழுதப்படவில்லை. நியாயமாகப் பார்த்தால், பத்திரம் இல்லாத பாட்டன்மார் கண்டிக் கிராமங்களிலும் ஏராளம். ஆனால் அங்கே எந்த அதிகாரியும் போய்ப் பாட்டனின் பத்திரத்தைக் காட்டு என்று கேட்கவில்லை. சட்டத்தின் எழுத்து எல்லாருக்கும் ஒன்றாக இருந்தது. கேள்வி மட்டும் சிலரிடம் கேட்கப்பட்டது.

1946 ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் இந்தியத் தமிழர் 7 இலட்சத்து 80 ஆயிரம் பேர். நாட்டின் சனத்தொகையில் 11.7 சதவீதம். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இந்தச் சட்டத்தால் பிரஜை அல்லாதோராயினர். தொடர்ந்து 1949 இன் 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1946 ஜனவரி 1 க்கு முன் மணமானவராயின் ஏழாண்டும், மணமாகாதவராயின் பத்தாண்டும் இடையறாது வதிந்தவர் விண்ணப்பிக்கலாம். மனைவியும் பிள்ளைகளும் இங்கே வதிந்தமையையும் காட்ட வேண்டும். ஊருக்குப் போய்வந்த பயணம் ஒவ்வொன்றும் விசாரணைக்கு உள்ளாயிற்று. விண்ணப்பிக்க இரண்டாண்டுத் தவணை. முதலில் காங்கிரஸ் இதைப் புறக்கணித்தது. பின் மனம் மாறியது. ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. அவர்களுள் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் அளவினரே இறுதியில் ஏற்கப்பட்டனர்.

மூன்றாவது சட்டம் மிகச் சிறியது. 1949 இன் 48 ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல் திருத்தச் சட்டம், இலங்கைப் பிரஜை அல்லாதவரின் பெயர் வாக்காளர் இடாப்பில் இடம்பெறலாகாது என்றது. தனியே எடுத்துப் பார்த்தால் உலகின் பல நாடுகளில் உள்ள விதிதான். அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த இந்திய அரசியல் சாசனத்தின் 326 ஆம் உறுப்பும் வாக்காளர் குடிமகனாக இருக்க வேண்டும் என்றே கூறுகிறது. ஆனால் யார் குடிமக்கள் என்பதை அதே சாசனத்தின் 5 ஆம் உறுப்பு சொல்லிவிட்டது: சாசனத் தொடக்கத்தில் இந்தியாவை நிலையான வதிவிடமாகக் கொண்டிருந்து, இந்திய மண்ணில் பிறந்தவரும், தாய் தந்தையருள் ஒருவர் அங்கே பிறந்தவரும், ஐந்தாண்டு வதிந்தவரும் குடிமக்கள். ஒரு நாட்டில் யாப்பே கதவையும் சுவரையும் கட்டியது. மற்ற நாட்டில் சுவரைப் பின்னர் எழுப்பியவர்கள், பலர் வெளியே நிற்கும்படி எழுப்பினர்.

தமிழர் தலைமையும் இதில் தன் பங்கைச் செய்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஜி. ஜி. பொன்னம்பலம் முதற்சட்டத்தை எதிர்த்தார்; 1948 செப்டம்பரில் அமைச்சரவையில் சேர்ந்தபின் இரண்டாவது சட்டத்துக்கு ஆதரவளித்தார். எஸ். ஜே. வி. செல்வநாயகம் பிரிந்து சென்று 1949 டிசம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சியை நிறுவினார். வடக்குக்கும் மலைநாட்டுக்கும் இடையில் அன்று விழுந்த விரிசலைப் பிற்கால மேடைப் பேச்சுகள் எவையும் முற்றாக அடைக்கவில்லை.

இச்சட்டங்கள் யாப்பின் 29 ஆம் பிரிவை மீறுகின்றனவா என்ற கேள்வி நீதிமன்றம் ஏறிய வரலாறு ஒரு நாவலுக்கு உரியது. கேகாலை மாவட்டத்தில் றுவான்வெல்லைத் தொகுதி. இடதுசாரித் தலைவர் என். எம். பெரேரா வென்ற தொகுதி. அங்கே கோடக்கன் பிள்ளை என்பவர் தம் பெயரை 1950 ஆம் ஆண்டு இடாப்பில் சேர்க்கக் கோரினார். பிரஜை அல்லர் என்று பதிவு அலுவலர் முதனாயக்க மறுத்தார். கோடக்கன் பிள்ளை இடாப்பைத் திருத்தும் அலுவலரிடம் முறையிட்டார். திருத்தும் அலுவலராக இருந்தவர் சிவஞானசுந்தரம். அவர் முறையீட்டைக் கேட்டு, பிரஜாவுரிமைச் சட்டமும் தேர்தல் திருத்தச் சட்டமும் யாப்பின் எல்லையை மீறியவை, ஆகவே செல்லாதவை, பெயரைச் சேர்க்க வேண்டும் என்று தீர்த்தார். இடாப்பில் பெயர் சேர்ப்பதும் நீக்குவதுமே வேலையாகக் கொண்ட ஓர் அலுவலர், ஒரு பெயரை முன்வைத்து, பாராளுமன்றத்தின் சட்டங்களை யாப்பின் தராசில் நிறுத்துப் பார்த்தார். இந்த வரலாற்றில் மிகக் குறைவாகப் பேசப்பட்ட துணிவு அதுவாகத்தான் இருக்கும்.

பதிவு அலுவலர் உயர் நீதிமன்றம் சென்றார். 1951 இல் உயர் நீதிமன்றம் திருத்தும் அலுவலரின் தீர்ப்பை நீக்கியது. சட்டத்தின் சொற்கள் தெளிவாக உள்ளன. அவற்றில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை. சொற்கள் தெளிவாக இருக்கும்போது இயற்றியவரின் உள்நோக்கத்தையும் நடைமுறை விளைவையும் தேடிச் செல்வது நீதிமன்றத்தின் வேலையன்று என்பது அதன் நிலைப்பாடு. கோடக்கன் பிள்ளை இலண்டனிலிருந்த கோமறை மன்றத்துக்கு மேன்முறையீடு செய்தார்.

1953 இல் கோமறை மன்றம் அளித்த தீர்ப்பைச் சற்று நிதானித்துப் படிக்க வேண்டும். நேராகச் செய்ய முடியாததைச் சுற்றுவழியில் செய்யும் சட்டமும் செல்லாததாகலாம் என்ற கொள்கையை மன்றம் ஒப்புக்கொண்டது. அந்த அளவில் அது உயர் நீதிமன்றத்தைவிட ஒரு படி முன்னே சென்றது. ஆனால் தன் பிரஜைகள் யார் என்று வகுப்பது ஒரு நாட்டின் சட்டமன்றத்துக்கு இயல்பான, முறையான பணி. பிறப்பையும் வதிவையும் அளவுகோலாகக் கொள்வது ஒரு சமூகத்தை அச்சமூகம் என்பதற்காகவே தண்டிப்பதாகாது என்று அது முடிவு செய்தது. 1949 இன் 3 ஆம் இலக்கச் சட்டத்தையே அரசின் நல்லெண்ணத்துக்குச் சான்றாகவும் காட்டியது: தீவோடு போதிய தொடர்புடைய இந்தியத் தமிழருக்குக் கதவு திறந்துதானே இருக்கிறது என்பது அதன் வாதம். கதவு எவ்வளவு திறந்திருந்தது என்பது விண்ணப்பங்கள் தீர்க்கப்பட்டு முடிந்தபோது தெரிந்தது. எட்டேகால் இலட்சத்தில் ஒன்றே கால் இலட்சத்துக்குச் சற்று மேல். தீர்ப்பு எழுதப்பட்டபோது அந்தக் கணக்கு முற்றுப்பெற்றிருக்கவில்லை. நீதிபதிகளுக்கு அதைச் சாக்காகச் சொல்லலாம். ஆயினும் இடாப்பில் இருந்த பெயர்கள் நீக்கப்பட்டு, ஏழு தொகுதிகள் கைமாறி, ஒரு தேர்தலே நடந்து முடிந்திருந்தது. அந்தக் கணக்கு அவர்கள் முன் இருந்தது.

இதே கோமறை மன்றம் 1964 இல் வேறொரு வழக்கில், 29 ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு இலங்கை மக்களிடையே செய்யப்பட்ட புனிதமான உரிமைச் சமநிலை என்றும் மாற்ற முடியாதது என்றும் குறிப்பிட்டது. அது இலஞ்ச வழக்கொன்றின் மேன்முறையீடு. மலையகத்துக்கு அக்கருத்து பதினொரு ஆண்டு பிந்தி வந்தது.

1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் இல்லை. வேலுப்பிள்ளையும் சௌமியமூர்த்தி தொண்டமானும் பிறரும் கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்தனர். நாட்கள் நூற்றைத் தாண்டின, சட்டம் அசையவில்லை. இதைவிடக் கசப்பான வேடிக்கை ஒன்று தொகுதி எல்லைக் கணக்கில் நிகழ்ந்தது. ஒவ்வொரு 75,000 பேருக்கும் ஓர் ஆசனம் என்பது யாப்பின் விதி. அந்த எண்ணிக்கை வாக்காளர்களின் எண்ணிக்கையன்று, தலைகளின் எண்ணிக்கை. நாடற்றவரான தோட்டத் தொழிலாளரின் தலையும் எண்ணப்பட்டது. அவர்களால் மலைநாட்டுக்கு ஆசனங்கள் கூடின. அவ்வாசனங்களுக்கு யார் செல்வது என்பதைக் கிராமத்து வாக்காளர் தீர்மானித்தனர். தொழிலாளியின் உழைப்பு தேயிலையில் சேர்ந்தது போலவே அவர் தலையும் பிறர் கணக்கில் சேர்ந்தது. இந்த இரண்டாவது சேர்க்கையை இலக்கியம் இன்னும் எழுதவில்லை.

அதன்பின் வந்தவை ஒப்பந்தங்கள். 1964 அக்டோபர் 30 இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் மனிதர்களைப் பங்கிட்டது: 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 இலட்சம் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பிறகு பார்க்கலாம். 1974 இல் அந்த ஒன்றரை இலட்சமும் பாதிப்பாதியாகப் பிரிக்கப்பட்டது. எந்தக் கட்டத்திலும் பங்கிடப்பட்டவர்களிடம் வாக்குக் கேட்கப்படவில்லை; கேட்பதற்கு அவர்களிடம் வாக்கே இல்லை. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல் ஏறியவர்கள் 1984 இல் அது நிற்கும்வரை சென்றுகொண்டே இருந்தனர். நான்கரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சென்றனர். கூடலூரிலும் கோத்தகிரியிலும் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறித்தவர்களுள் பலர் அவர்களே.

1972 ஆம் ஆண்டு யாப்பு 29 ஆம் பிரிவைக் கைவிட்டது. 1978 ஆம் ஆண்டு யாப்பு, வம்சாவளிப் பிரஜை, பதிவுப் பிரஜை என்ற வேறுபாட்டை நீக்கியது. எந்த நாட்டுக்கும் பிரஜையல்லாது இலங்கையில் நிரந்தரமாக வதிந்தவருக்கும் பத்தாண்டுக் காலத்துக்குப் பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை முதலியவற்றை அளித்தது. வாக்கை அளிக்கவில்லை, 89 ஆம் உறுப்பு பிரஜையல்லாதவரை விலக்கியே வைத்தது. கூட்டம் கூடிக் கேட்கலாம், பெட்டியில் போட முடியாது. 1977 இல் நுவரெலியா - மஸ்கெலியாத் தொகுதியின் மூன்றாவது உறுப்பினராகத் தொண்டமான் வென்றபோது, 1947 க்குப்பின் முதன்முறையாக மலையகத் தமிழரின் வாக்கால் ஒருவர் பாராளுமன்றம் சென்றார். இடையில் முப்பது ஆண்டுகள். 1947 இல் பிறந்த பிள்ளை அதற்குள் தானும் பிள்ளை பெற்றிருக்கும்.

1986, 1988 ஆம் ஆண்டுச் சட்டங்கள் எஞ்சியோரில் பெரும் பகுதியினருக்கு வழி திறந்தன. பின்னைய சட்டத்தின்படி சத்தியக் கடதாசி ஒன்றே போதுமானதாயிற்று. நாற்பதாண்டு கேட்கப்பட்ட பாட்டனின் பத்திரத்துக்குப் பதிலாகத் தான் இங்கே வாழ்பவன் என்ற ஒரு வாக்குமூலம். 2003 அக்டோபரில் பாராளுமன்றம் ஒருமனதாக நிறைவேற்றிய 35 ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை அளித்தது. தோட்டம் தோட்டமாகப் படிவங்கள் நிரப்பப்பட்டன. சில நாட்களில் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பிரஜைகளாயினர். எவ்வளவு எளிதாக முடிந்தது என்பதே இதில் வருத்தம் தருவது. 1948 இலும் இதே படிவம் போதுமானதாக இருந்திருக்கும். அன்று அந்தப் படிவத்தை நிரப்ப வேண்டியிருந்தவர்களில் பெரும்பாலோர் 2003 இல் மலைச்சரிவுகளில் புதைந்து கிடந்தனர்.

இன்னும் ஒரு கூட்டத்தார் எஞ்சுகின்றனர். 1983 ஆம் ஆண்டு வன்செயலுக்குப்பின் அகதிகளாகத் தமிழ்நாட்டுக்குச் சென்றவர்களுள் மலையக வம்சாவளியினரும் உண்டு. அவர்களுள் சிலர் இந்தியப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்து முடிவு கிட்டாதிருந்தவர்கள். பாட்டன் சென்ற ஊருக்கே பேரன் திரும்பினான். ஆனால் பயணியாக அல்ல, அகதியாக. இந்தியச் சட்டம் 1987 ஜூலை 1 க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவரைப் பிறப்பாலேயே குடிமகனாகக் கொள்கிறது. அந்நாளுக்குப்பின் பிறந்தவரிடம் பெற்றோர் குடிமக்களா என்று கேட்கிறது. இலங்கை 1948 இல் கேட்ட கேள்வியின் சாயல் அதில் இருக்கிறது. தாயையும் கணக்கில் எடுப்பது ஒன்றே வேறுபாடு. 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, முகாமில் வாழும் இந்திய வம்சாவளியினர் சிலரின் விண்ணப்பங்களைப் பரிவோடு பரிசீலிக்க வழி செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளின் பெயரைக் கூறியது. இலங்கை அவற்றுள் இல்லை.

முகாம்களுக்கு 2021 இல் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினர். அங்கே 1987 க்குப்பின் பிறந்து, தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்து, பதினெட்டு வயதைக் கடந்தவர்கள் பல்லாயிரவர். தேர்தல் நாளன்று அவர்கள் படித்த பள்ளிக்கூடமே வாக்குச்சாவடியாகிறது. முகாமின் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருக்கிறது. உதவித்தொகைக்காக அது தவறாமல் சரிபார்க்கப்படுகிறது. பள்ளிக்கூட வாசலில் ஒட்டப்படும் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை.